மூன்று மாத்திரையும் ஒரே மடக்கில்

சலவைக் கடையின் முன்மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை அந்த வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டோக்கன் அக்கா என்றால் போதும். கோட்டு, சட்டை, போர்வை, ஜன்னல் திரை என்று எது வந்தாலும் அவள் கையால் ஒரு எண் சீட்டு குத்தப்படும். சீட்டின் மறுபாதி வாடிக்கையாளர் கைக்குப் போகும். பதினெட்டு வருடத்தில் அவள் தொலைத்தது மூன்றே உருப்படி. மூன்றும் பிறகு கிடைத்துவிட்டன. சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து அசடு வழிகிறவர்களை ஒரு நிமிடம் முறைத்துப் பார்ப்பாள். பிறகு, "காலர்ல மைக் கறை, இடது கைப் பட்டன் மட்டும் வேற நிறம். அதுதானே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் எடுத்து வருவாள்.

இப்படிப்பட்டவளிடம் போய், "நீ மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று ஒருவர் சொன்னால் அவளுக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும்! நான்கு வருடம் எல்லோரும் சேர்ந்து அதைத்தான் சொன்னார்கள்.

அவளுக்குத் தைராய்டு குறைவு. கழுத்திலிருக்கும் சுரப்பி சோம்பிப்போய்விட்டது, அது சுரக்க வேண்டியதை ஆயுசுக்கும் மாத்திரையாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பதினொரு வருடத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. ஏழு வருடம் ஒரு வம்பும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, "நல்லா இருக்கு, இதையே தொடருங்க" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

அதன் பிறகு எண் ஏற ஆரம்பித்தது. இந்தப் பரிசோதனையில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு. எண் ஏறினால் உடம்புக்குச் சுரப்பு போதவில்லை என்று அர்த்தம். நான்குக்குள் இருக்க வேண்டியது ஏழானது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஒன்பதானது. இன்னும் கூட்டினார். ஒரு மாதிரி இறங்குவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பதினொன்றில் போய் நின்றது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"சாப்பிடறேன் டாக்டர்."

"வெறும் வயித்துல?"

"காலையில அஞ்சு மணிக்கு. அஞ்சே கால் ஆனது கிடையாது."

"அப்போ ஏன் ஏறுது?"

"அதைத்தான் நானும் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

டாக்டர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகை அவளுக்குப் பிடிக்கவில்லை. 'சட்டையில இந்தக் கறை நான் குடுக்கும்போது இல்லவே இல்லை' என்று சாதிக்கும் வாடிக்கையாளரைப் பார்த்து அவளே அப்படித்தான் புன்னகை செய்வாள். அவர் அவளுடைய கோப்பில் என்னவோ எழுதினார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தலைகீழாகப் படிப்பது அவளுக்குத் தொழில். படித்தாள். 'நோயாளி மருந்தை முறையாக எடுப்பதில்லை' என்று இருந்தது.

வீடு போய்ச் சேரும்வரை அந்த ஒரு வரி செருப்புக்குள் புகுந்த கல்மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

உடம்பு வேறு தன் பங்குக்குப் படுத்தியது. காலையில் முகம் உப்பிக்கொண்டு கண் திறக்க மறுத்தது. கடையின் பின்பக்கம் இஸ்திரி நீராவியில் மற்றவர்கள் வேர்த்து வடிந்துகொண்டிருக்க, இவள் முன்மேஜையில் கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரல் கரகரத்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. எல்லாவற்றையும்விட மோசம் மறதி. நானூற்றுப் பன்னிரண்டு என்று மனதில் சொல்லிக்கொண்டே திரும்புவாள்; திரும்புவதற்குள் அது நானூற்று இருபதாகிவிடும்.

ஒருநாள் இரண்டு கோட்டு-கால்சட்டை ஜோடிகளுக்கு ஒரே எண்ணைக் குத்திவிட்டாள். இரண்டும் சாம்பல் நிறம். அடுத்த வாரம் ஒரு மாலை ஓர் இளைஞர் வந்து நின்றார். கால்சட்டை கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நின்றது.

"நான் இதைப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்கான நேர்காணலுக்குப் போனேன்" என்றார்.

போடும்போதே தெரியவில்லையா என்ற கேள்வி அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கடை முதலாளியம்மா அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு இவளிடம் வந்தார்.

"கொஞ்ச நாள் பின்னாடி மடிக்கிற மேஜையில உக்காரு. உடம்பு சரியாகட்டும்."

"நான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்மா."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் முதலாளியம்மா. ஆனால் அந்த 'ஒண்ணும் சொல்லலையே'யில் எல்லாம் இருந்தது.

பதினெட்டு வருடம் முன்மேஜையில் இருந்தவள் போர்வைகளை நான்காக மடிக்கப் போனாள். முன்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்த பெண் வாடிக்கையாளரின் சட்டைப் பையைக்கூடத் துழாவாமல் துணியை வாங்கிப் போட்டாள். பேனாவோடு சலவைக்குப் போன சட்டை ஒன்று கூடவே பன்னிரண்டு மேஜை விரிப்புகளையும் நீலமாக்கிக்கொண்டு வந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சத்தமாக அடித்துக்கொள்ளக்கூட அப்போது அவளுக்கு யோக்கியதை இல்லை.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எது நின்றுபோனாலும் எங்கே ஆள் தப்புச் செய்தான் என்றுதான் முதலில் தேடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை அலமாரிக்கு முன்னால் நின்று மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா பாத்தேன்."

"எண்ணினீங்க."

"எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு" என்றார் அவர், பெரிய மனது பண்ணி.

"சரியா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அதில்ல. எண்ணிக்கை சரியா இருந்தா அட்டையிலேருந்து எடுத்தன்னுதான் அர்த்தம். முழுங்கினங்கறதுக்கு அது சாட்சி ஆகாதே."

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் தன் அக்காவிடம் விஷயத்தைக் கொண்டுபோனார். அந்த நாத்தனார் குடியிருந்தது அதே கட்டிடத்தின் மேல்மாடியில். அறுபது வயது, கால் மூட்டு இரண்டும் நன்றாக இருந்தன, அடுத்த வீட்டு விஷயத்தில் அலுப்பே வராது. அடுத்த நாள் காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினாள்.

"எங்க மாத்திரை? என் முன்னாடி போடு."

"அண்ணி, நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தைன்னா பரவாயில்லையே, மிட்டாய் குடுத்து ஏமாத்தலாம். போடு. தண்ணி குடி. இப்போ வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

ஐம்பத்திரண்டு வயதுப் பெண், ஒரு வட்டாரத்துத் துணி முழுவதும் நம்பி ஒப்படைக்கப்பட்டவள், விடிவதற்கு முன்னால் சமையலறை விளக்கின் கீழ் நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆறு வாரம் ஒரு நாள் தவறாமல் இது நடந்தது. ஏன் சம்மதித்தாய் என்று பிறகு யாரோ கேட்டபோது, "சண்டை போடத் தெம்பில்ல" என்றாள். "அதோட எனக்கும் ஒரு சாட்சி வேணும்னு தோணுச்சு."

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். பதினொன்று பதினாறாகியிருந்தது.

நாத்தனாரும் கூடவே டாக்டரிடம் போனாள். கூப்பிடாமலே உள்ளே நுழைந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டர் தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"சாப்பிடறா டாக்டர்!" என்றாள் நாத்தனார், அவர் கேட்பதற்கு முன்பே. "நாப்பத்திரண்டு நாள் என் கண்ணு முன்னாடி முழுங்கினா. நாக்குக்கு அடியிலகூடப் பாத்தேன். மூணு மாத்திரையையும் ஒரே மடக்குல முழுங்கிடுவா, நமக்கெல்லாம் அப்படி வராது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணா?"

"மூணுதான். குட்டியா வெள்ளை ஒண்ணு, கேப்சூல் ஒண்ணு, கறுஞ்சிவப்பா உருண்டை ஒண்ணு."

"நான் குடுத்தது ஒண்ணுதானே?" என்று அக்காவைப் பார்த்தார். "மத்த ரெண்டும் என்ன?"

அக்கா கைப்பையைத் திறந்து அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது கேஸ் மாத்திரை. இது ரத்தத்துக்குச் சத்து மாத்திரை. மூணுமே வெறும் வயித்துல போடச் சொன்னாங்க. வெறும் வயிறு ஒரு நாளைக்கு ஒரு தடவைதானே வருது? அதான் ஒண்ணாப் போட்டுடறேன்."

"கேஸ் மாத்திரை யார் குடுத்தது? எப்போ?"

ஐந்து வருடத்துக்கு முன்னால் கடையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து முழங்கால் பெயர்ந்துபோயிருந்தது. எலும்பு டாக்டர் வலிக்கு மாத்திரை கொடுத்தார். அது வயிற்றைப் புண்ணாக்கும் என்று அதற்குக் காவலாக இதையும் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு. வலி போனது, வலி மாத்திரையும் போனது. காவலுக்கு வந்த மாத்திரை மட்டும் போகவில்லை. மருந்துக் கடையில் காலி அட்டையை நீட்டினால் அதே நிறத்தில் இன்னொன்றைக் கொடுத்தார்கள்.

"ஏன் நிறுத்தலை?"

"நிறுத்தினேன் டாக்டர். மூணாம் நாளே நெஞ்செரிச்சல் தாங்கலை. திரும்பப் போட்டதும் அடங்கிடுச்சு. அப்போ அது எனக்குத் தேவைன்னுதானே அர்த்தம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முதல்முறையாக அவர் குரலில் அந்தப் புன்னகை இல்லை.

"தைராய்டு மாத்திரை வயித்துல சரியா கரையணும்னா அமிலம் வேணும். கரைஞ்சாத்தான் குடல் அதை உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பும். கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைத்தான் அடக்குது. நீங்க அஞ்சு வருஷமா அடக்கியே வெச்சிருக்கீங்க. அதனால தைராய்டு மாத்திரையில ஒரு பங்கு உள்ள போகாமலே வீணாகுது. நான் என்னடான்னா, போதலை போதலைன்னு அளவைக் கூட்டிக்கிட்டே போறேன்."

"இந்தச் சிவப்பு?"

"அது இரும்பு. தைராய்டு மாத்திரையோட சேர்ந்து போட்டா, அதைக் குடல்லயே பிடிச்சு வெச்சுக்கும். உள்ள விடாது. இதை எப்போ ஆரம்பிச்சீங்க?"

"ரெண்டு வருஷம். சோர்வா இருக்குன்னு பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட போனேன். ரத்தத்துல இரும்பு குறைவுன்னார்."

"இரும்பு உள்ள போறதுக்கும் அமிலம் வேணும். அது குறைஞ்சதுக்கே இந்த கேஸ் மாத்திரை ஒரு காரணமா இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

அக்கா மேஜைமேல் கிடந்த அட்டைகளைப் பார்த்தாள். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று வந்து, இரண்டுமாகச் சேர்ந்து மூன்றாவதைக் கெடுத்துக்கொண்டிருந்தன. மூன்றையும் அவளேதான் ஒரு நாள் தவறாமல் கடிகாரம் பார்த்துப் போட்டிருக்கிறாள். ஒழுங்கு கெட்டவளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

"ஒரு துணி சாயம் ஏறி வந்தா நாங்க அந்தத் துணியைத் திட்டமாட்டோம் டாக்டர்" என்றாள். "கூட மிஷின்ல வேற என்ன கிடந்துச்சுன்னு பாப்போம். நாலு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

"வேற மருந்து உண்டான்னு பாரத்துல கேட்டிருக்கோமே. நீங்க 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"எந்தத் தேதியில?"

டாக்டர் புரட்டினார். பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி. அவளுக்கும் பாதிக் கோபம் தன் பக்கமே திரும்பியது. நடுவில் ஒருமுறை செவிலி, "வேற மாத்திரை ஏதாவது?" என்று கேட்டதும், கேஸ் மாத்திரையை எல்லாம் யாராவது மருந்து என்று சொல்வார்களா என்று நினைத்து இவள் தலையை ஆட்டியதும் நினைவுக்கு வந்தது. அதை அந்த அறையில் அவள் வெளியில் சொல்லவில்லை.

சொன்னது வேறு. "அந்தக் கோப்புல ஒரு வரி எழுதியிருக்கீங்க. நான் மருந்தை முறையா எடுக்கறதில்லைன்னு. அதை அடிங்க."

"கீழே புதுசா எழுதிடறேன்மா, காரணம் இதுன்னு..."

"கீழே எழுதுங்க. மேலே அடிங்க."

"அடிச்சிடுங்க டாக்டர், இவ விடமாட்டா" என்றாள் நாத்தனார்.

டாக்டர் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டார். "தேதியும்" என்றாள் அக்கா. தேதியும் போட்டார்.

வெளியே வந்தபோது நாத்தனாரின் முகத்தில், வழக்கைத் தனியாளாக வாதாடி ஜெயித்த வக்கீலின் களை. "நான் மட்டும் வரலைன்னா?" என்றாள். அது உண்மைதான். அதனால்தான் அக்காவுக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

கேஸ் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று குறைத்துக்கொண்டே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல வருடம் அடங்கிக் கிடந்த அமிலம், கட்டு அவிழ்ந்ததும் கொஞ்ச நாள் பொங்கும், பிறகு தானாக அடங்கும். இரும்பு மாத்திரை நான்கு மணி நேரம் தள்ளி. தைராய்டு மாத்திரை இனி முழுசாக உள்ளே போகும் என்பதால் கூட்டிவைத்த அளவு அதிகமாகிவிடலாம். ஆறு வாரத்தில் ரத்தம் பார்க்கணும், அதற்கு முன் படபடப்பு, கை நடுக்கம் ஏதும் வந்தால் உடனே வரணும்.

பொங்கியது. மூன்று வாரம் நெஞ்சில் அடுப்பை மூட்டிவைத்ததுபோல் இருந்தது. "பேசாம அந்த மாத்திரையையே போட்டுடேன்" என்றார் கணவர். அவள் பார்த்த பார்வையில் அவர் லிஃப்ட் ஒன்று பழுதாகிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகக் கிளம்பிப் போனார். நான்காவது வாரம் எரிச்சல் தணிந்தது. முகத்தின் உப்பல் வடிந்தது. போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கம்பளிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

ஐந்தாவது வாரம் முன்மேஜைப் பெண், ஒரு ஜன்னல் திரையின் சீட்டை இன்னொன்றில் குத்தியதைப் பார்த்து அக்கா கத்தப் போனாள். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. கை நடுங்கியது. கோபம்தான் காரணம் என்று நினைத்தாள். நான்கு வருடமாக அவளுக்குக் கோபத்துக்குக் குறைவே இல்லை. மறுநாள் யார்மேலும் கோபப்படாமல் டீ குடித்துக்கொண்டிருந்தபோதும் அதே தடதடப்பு வந்தது. டம்ளர் தளும்பியது. அப்போதுதான் டாக்டர் சொன்னது உறைத்தது.

அன்றே போனாள். எண் இப்போது மறுபக்கம் பாய்ந்து, பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது.

"சாப்பிட்டாலும் தப்பு, சாப்பிடாட்டியும் தப்பு, சாப்பிட்டது உள்ள போனாலும் தப்பு" என்றாள் அக்கா.

"இப்போ போறது முழுசும் போகுது. அதான்" என்ற டாக்டர் அளவைப் பாதியாகக் குறைத்தார். அதோடு, அவளிடம் எதுவும் கேட்பதற்கு முன்பே, கையிலிருந்த எல்லா மாத்திரையையும் மேஜைமேல் எடுத்துவைக்கச் சொன்னார். பிறகு வந்த நோயாளிகளிடமும் அவர் அப்படிச் சொல்வதாகக் கேள்வி. அது அவர் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதத்தில் எண் மூன்றில் வந்து நின்றது. முதலாளியம்மா ஒரு திங்கட்கிழமை தானே அவள் நாற்காலியை முன்மேஜைக்கு நகர்த்திவைத்தார். கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் நாத்தனார் இருக்கிறாளே! நடந்ததை அவள் கட்டிடம் முழுவதும் சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொரு மாடிக்கும் கதை கொஞ்சம் மாறியது. முதல் மாடியில், "ஒரு மாத்திரை இன்னொரு மாத்திரையைத் தடுத்திருக்கு." இரண்டாம் மாடியில், "மாத்திரையெல்லாம் ஒண்ணை ஒண்ணு தின்னுடும்." நான்காம் மாடிக்கு வரும்போது, "மாத்திரைன்னாலே விஷம்தான், என் தம்பி பொண்டாட்டி அதுலதான் நாசமானா." கடைசியில் தான் சொன்னதைத் தானே நம்பி, பன்னிரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் யாருக்கும் தெரியாது. தலை கனக்கிறது, சுற்றுகிறது என்று மாடிப்படியில் உட்கார்ந்தபோதுதான் வாயிலிருந்து வந்தது.

"யார் நிறுத்தச் சொன்னா அண்ணி?"

"உன்னைப் பாத்துத்தான்."

"நான் டாக்டரைக் கேட்டு நிறுத்தினேன்! அதுவும் எல்லாத்தையுமா நிறுத்தினேன்? ஒண்ணைத்தானே?"

"ஒண்ணு போனதுக்கே உனக்கு இவ்வளவு நல்லாச்சே. எல்லாம் போனா எவ்வளவு நல்லாகும்னு நினைச்சேன்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். இன்றைக்குக் கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டு, நாத்தனாரைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அழுத்தம் பார்த்த செவிலி, ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டு, டாக்டரை உடனே கூப்பிடுவதாகச் சொல்லி எழுந்து போனாள். போகும்போதே, போட்டுக்கொள்ளும் மாத்திரைகளை எல்லாம் அதற்குள் எடுத்துவைக்கச் சொன்னாள்.

நாத்தனார் பையிலிருந்து ஒரு பழைய தகர டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். திறந்தால், அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. முப்பது நாற்பது மாத்திரைகள் உதிரியாகக் கிடந்தன. வெள்ளை, மஞ்சள், பாதி உடைந்தது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

"அட்டையெல்லாம் எங்க அண்ணி?"

"இடத்தை அடைக்குதுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

"இது எதுக்குப் போடறது?"

"எது, அந்த மஞ்சளா? அது மூட்டுக்கோ தூக்கத்துக்கோ. ரெண்டுல ஒண்ணு."

"உங்க மூட்டுதான் நல்லா இருக்கே!"

"அதைப் போடறதாலதான் நல்லா இருக்கோ என்னவோ" என்றாள் நாத்தனார்.

அக்கா கைக்குட்டையை மடியில் விரித்து, டப்பாவை அதில் கவிழ்த்து, மாத்திரைகளை நிறம் வாரியாகப் பிரித்துவைக்க ஆரம்பித்தாள்.